கறுப்பு வெள்ளைத் திரையைக் கேட்டு வாங்கியவன்

என் அப்பா சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்தவர். திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பை வெளியூர்க்காரர்களுக்கு விளங்கவைப்பது சிரமம். வெளிநாட்டிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு துணித்துண்டு வரும். அப்பா அதை ஜன்னல் ஓரம் கொண்டுபோய் இரண்டு முறை புரட்டிப் பார்ப்பார். பிறகு எந்தெந்தச் சாயத்தை எந்த அளவில் கலக்க வேண்டும் என்று சொல்வார். மறுநாள் லேபிலிருந்து வரும் சாம்பிளை அந்தத் துண்டின் பக்கத்தில் வைத்தால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து, துணி அலசும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக அந்த இடத்துக்கு உயர்ந்தவர் அவர். எங்கள் தெருவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். நான் மாஸ்டர் பையன்.

அந்த மாஸ்டர் பையனுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது.

இருபத்தொரு வயது வரை எனக்கே இது தெரியாமல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கலர் பென்சில்களை அவற்றின் மேல் அச்சிட்டிருந்த பெயரைப் படித்துத்தான் எடுப்பேன். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தபோது அப்பா என்னைத் தன் பட்டறையின் லேபில் சேர்த்துவிட்டார். நான்காவது வாரம், இலைப்பச்சை கேட்டிருந்த ஒரு ஆர்டருக்குப் பழுப்பு நிறச் சாம்பிளைச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு லாட் துணி முழுவதும் அந்தப் பழுப்பில் முங்கி வெளியே வந்தது. அப்பா துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. மறுநாள் கோயம்புத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளை டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டினார். முதல் அட்டை மட்டும் எனக்குத் தெரிந்தது. மற்றவை எல்லாம் வெறும் புள்ளிகள். பின்னால் நின்றிருந்த அப்பா ஒவ்வொரு எண்ணையும் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்ல. நாளைக்கு ஒரு வேலைக்குப் போகணும், ஒரு பொண்ணு பாக்கணும்."

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு ரகசியமானது. லேபை விட்டு நின்றேன். சில மாதங்கள் கழித்து ஒரு சர்வே ஆபீஸில் வேலை கிடைத்தது. நிலம் அளப்பதற்கு நிறம் எதற்கு என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த ஆபீஸை நடத்தியவர் ஒரு பெண் எஞ்சினியர். நாற்பத்தைந்து வயதிருக்கும். காட்டன் சேலையோடு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு வரப்பில் எங்களைவிட வேகமாக நடப்பார். நாங்கள் அவரை மேடம் என்போம். அவர் எங்களைத் தம்பி என்பார், ஆனால் வாங்க போங்க என்றுதான் பேசுவார். என்னோடு களவேலைக்கு வருபவன் திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் வீட்டில் பனியன் வேஸ்ட் வியாபாரம். நான் அவனைப் பாய் என்பேன், அவன் என்னை மாப்ள என்பான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில் பனியன் கம்பெனி முதலாளிகள் பலர் உடுமலைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் காற்றாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதைக் காத்தாடி என்பார்கள். காத்தாடி நிற்கும் இடத்திலிருந்து சப்ஸ்டேஷன் வரை கரண்ட் கம்பங்கள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று பார்த்து, கம்பம் நட வேண்டிய இடத்தில் முளைக்குச்சி அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் ஒப்புக்கொண்ட வழியில்தான் கோடு போக வேண்டும். பெரிய கருவிகளைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் அலைய முடியாது. முதல் அளவுக்குக் கையில் பிடிக்கும் ஜிபிஎஸ் போதும், அதில் மூன்று வாங்கலாம் என்று மேடம் முடிவு செய்தார்.

கோயம்புத்தூரிலிருந்து விற்பனைக்காரர் இரண்டு கருவிகளைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். இரண்டும் ஒரே கம்பெனி. உருவமும் பட்டன்களும் ஒன்றே. ஒன்றுக்குக் கலர் திரை. மற்றதற்கு, அவர் பாஷையில், பிளாக் அண்ட் ஒயிட். பழைய டிவி ஞாபகம் வந்து எல்லோருக்கும் சிரிப்பு.

"இதுல என்னங்க யோசனை? காலம் போற போக்குல எல்லாம் கலருதான்," என்றார் விற்பனைக்காரர்.

"ஒரு வாரம் ரெண்டும் இங்கயே இருக்கட்டுமுங்க," என்றார் மேடம். "காட்டுல கொண்டுபோய் வேலை செஞ்சு பாத்துட்டு சனிக்கிழமை சொல்றோம்."

பாய் அதற்குள் கலர் கருவியைக் கையில் எடுத்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தபோதே முடிவு தெரிந்துவிட்டது போல இருந்தது. நான் மற்றதை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

அப்போது எங்களுக்குக் கணியூருக்கும் கொமரலிங்கத்துக்கும் நடுவே ஒரு கம்பக் கோட்டு வேலை இருந்தது. பாய் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு பாதைகளை இரண்டு கருவிகளிலும் ஏற்றினான். ஒன்று, தோட்டக்காரர்கள் ஒப்புக்கொண்ட பாதை. மற்றது, ஒரு தென்னந்தோப்புக்காரர் வேண்டாம் என்று சொன்னதால் நாங்கள் கைவிட்ட பழைய பாதை. அந்தப் பக்கம் தப்பித்தவறியும் போய்விடக்கூடாது என்பதற்காக அதையும் ஏற்றினான். "பச்சை நம்ம வழி, சிவப்பு வேண்டாத வழி. அவ்வளவுதான் மாப்ள," என்று கலர் கருவியை என் கையில் கொடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளையை எடுத்துக்கொண்டு அவன் கோட்டின் மறுமுனைக்குப் போய்விட்டான்.

வாய்க்கால் பாலம் வரை இரண்டு பாதைகளும் ஒன்றாகவே வந்தன. பாலத்தைத் தாண்டியதும் பிரிந்தன. திரையில் இரண்டு கோடுகளும் எனக்கு ஒரே சேற்று நிறத்தில் தெரிந்தன. வெயில் வேறு உச்சியில். கையால் மறைத்தேன், சாய்த்தேன், சட்டைக்குள் வைத்துப் பார்த்தேன். கோடு தெரிந்தது, நிறம் தெரியவில்லை. பாய்க்கு ஒரு போன் போட்டு "இடதா வலதா?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவன் "பச்சையைப் பாரு" என்பான். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? நேராகப் போகும் கோடுதான் ஒப்புக்கொண்ட கோடாக இருக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டு நடந்தேன். கூட வந்த ஆள் சுத்தியலால் முளை அடித்துக்கொண்டே வந்தார்.

ஆறாவது முளை அடிக்கும்போது தோப்புக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் துண்டு. நாங்கள் அடித்த ஐந்து முளைகளும் அவர் கையில் இருந்தன. பிடுங்கிக்கொண்டே பின்னால் வந்திருக்கிறார்.

"ஏனுங்க தம்பி, காத்தாடிக்கார ஆளுங்களா நீங்க?"

"ஆமாங்க."

"இந்தப் பக்கம் கம்பம் வராதுன்னு போன மாசந்தானுங்க பேசி முடிச்சோம்? அந்தம்மா வந்து உக்காந்து பேசிட்டுப் போனாங்க. இப்பத்தான் தென்னங்கன்னு வெச்சிருக்கறேன். அப்பறம் எதுக்குங்க முளை அடிக்கறீங்க?"

குரல் உயரவே இல்லை. ஐந்து முளைகளையும் ஒன்றாகச் சேர்த்து என் கையில் கொடுத்தார். ஆறாவதை நானே பிடுங்கினேன். "வெயில்ல வந்துட்டீங்க. ஒரு எளநி குடிச்சுட்டுப் போங்க," என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இளநீரை என்னால் பாதிதான் குடிக்க முடிந்தது.

தோப்புக்குள் எப்படிப் போனீங்க என்று அன்று மாலை ஆபீஸில் மேடம் கேட்டபோது, "வெயில்ல ஸ்கிரீன் சரியாத் தெரியலீங்க மேடம்," என்றேன். முழுப்பொய் இல்லை. அந்தக் காலத்துக் கலர் திரைகள் உச்சி வெயிலில் மங்கித்தான் போகும். உள் விளக்கைப் போட்டால் தெரியும், ஆனால் பேட்டரிக்கட்டை மத்தியானத்துக்கு மேல் தாங்காது. கறுப்பு வெள்ளையோ வெயில் ஏற ஏறத் தெளிவாகும். இரண்டு பேட்டரிக்கட்டையில் இரண்டு நாள் ஓடும். அடுத்த நாள் கருவிகளை மாற்றிக்கொண்டோம். நிறம் இல்லாததால் கறுப்பு வெள்ளையில் ஒப்புக்கொண்ட பாதை தடித்த கோடாகவும், கைவிட்ட பாதை விட்டுவிட்டுப் போகும் கோடாகவும் இருந்தன. நான் நாள் முழுவதும் ஒரு அடிகூடத் தடுமாறவில்லை. எங்கள் வேலைக்கு எது சரி என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை விற்பனைக்காரர் வந்தார். மேடம் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "வெயில்ல தெரியலைன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லீங்க மேடம்," என்று கலர் கருவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். உள் விளக்கைப் போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, லேசாகச் சாய்த்துக் காட்டினார். "பாருங்க. இது பச்சை, இது சிவப்பு."

மேடம் எட்டிப் பார்த்தார். பாயும் பார்த்தான்.

"தெரியுதுங்களே தம்பி?" என்று மேடம் என் பக்கம் திரும்பினார்.

அந்த இடத்தில் நான் தப்பித்திருக்கலாம். பேட்டரியைச் சொல்லியிருக்கலாம், உச்சி வெயிலைச் சொல்லியிருக்கலாம். என் பக்கம் போதுமான காரணங்கள் இருந்தன, எல்லாமே உண்மையான காரணங்கள். ஆனால் என் தவறை ஒரு மெஷின் தலையில் கட்டி, அதை எடுத்து வந்த மனிதரையும் பொய்யனாக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அவர் திரையை மறுபடி மறுபடி சாய்த்துக் காட்டியபோது உறைத்தது. அவருக்கு இந்த வியாபாரம் எவ்வளவு முக்கியமோ.

"எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணாத்தான் தெரியுமுங்க மேடம்," என்றேன். "பொறந்ததுல இருந்தே. தோப்புல நடந்தது மெஷின் தப்பில்லீங்க. என் தப்பு."

ஆறு வருடமாக வீட்டுக்கு வெளியே வராத வார்த்தைகள் ஒரே மூச்சில் வந்துவிட்டன. பாய் என்னையே பார்த்தான். விற்பனைக்காரர் கருவியின் விளக்கை அணைத்தார்.

மேடம் கோபப்பட்டார். அதை மறைக்க மாட்டேன். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தப் பெரியவர் தோட்டத்துல முளை எறங்கியிருக்காதுங்களே தம்பி? நான் குடுத்த வாக்கு என்னாகறது?" என்றார். நான் தலை குனியவில்லை. ஆமாங்க என்றேன்.

அவர் உள்ளே போய் அந்தக் கோட்டின் வரைபடத்தை எடுத்துவந்தார். கலரில் அச்சடித்தது. அதை எங்கள் ஜெராக்ஸ் மெஷினில் வைத்து ஒரு காப்பி எடுத்தார். கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு பாயிடம் நீட்டினார்.

"இதுல எதுங்க பச்சை?"

பாய் காப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு கோடுகளும் ஒரே கறுப்பு.

"தோட்டத்துக்காரங்களுக்கெல்லாம் இந்தக் காப்பியத்தான் குடுத்திருக்கறோம்," என்றார் மேடம். கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது. "கம்பம் நடற ஆளுங்க கையிலயும் இதேதான் இருக்குது. கண்ணு நல்லா இருக்கறவங்களுக்கே இதுல ஒண்ணும் வெளங்காது. ரெண்டு வருசமா இப்படித்தான் குடுத்துட்டு இருக்கறோம், ஒருத்தருக்கும் தோணலை பாருங்க." என்னைப் பார்த்தார். "இனிமே நம்ம ஆபீஸ் படத்துல எந்தக் கோடு எப்படி இருக்கோணும்னு நீங்க முடிவு பண்ணுங்க தம்பி. உங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். மொதல்ல போய் அந்தப் பெரியவர்கிட்ட நடந்ததச் சொல்லிட்டு வந்துருங்க."

எனக்குக் கறுப்பு வெள்ளையே வேண்டும் என்று கேட்டேன். மூன்று வாங்க முடிவு செய்திருந்த மேடம், இரண்டு கறுப்பு வெள்ளையும் ஒரு கலரும் வாங்கினார். கலர் பாய்க்கு. அவன் அதற்காக வாதாடினான், அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலை வேளையில், வண்டிக்குள், ஒரே இடத்தில் ஏழெட்டுக் கோடுகள் குவிந்திருக்கும்போது கலர் திரையில் அவன் கண் எங்களைவிடச் சீக்கிரம் வேலை செய்யும். அமராவதி வாய்க்கால்களை அதில் நீலமாகக் காட்டுவான். நீலம் எனக்கு நன்றாகவே தெரியும். அழகாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை தோப்புக்குப் போனேன். பெரியவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஜெராக்ஸை எடுத்து விரித்தார். "எனக்கும் இதுல ஒண்ணும் புரியலீங்க தம்பி. அந்தம்மாகிட்டக் கேக்கறதுக்குச் சங்கட்டமா இருந்துச்சு. படிச்சவங்க கேட்டா என்ன நெனப்பாங்கன்னு உட்டுட்டேன்."

நான் பேனாவை எடுத்து, ஒப்புக்கொண்ட பாதையின் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள் போட்டேன்.

"அட, தண்டவாளமாட்ட இருக்குதுங்க," என்றார். "இப்படியே போட்டுருங்க. யாரு பாத்தாலும் புரிஞ்சுரும்."

அப்படியே போட்டேன். எங்கள் ஆபீஸ் வரைபடங்களில் ஒப்புக்கொண்ட பாதைக்குத் தண்டவாளம், கைவிட்டதற்கு விட்டுவிட்டு வரும் கோடு, வாய்க்காலுக்கு நெளிகோடு, கிணற்றுக்கு வட்டத்துக்குள் புள்ளி. ஒவ்வொன்றையும் ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அதிலும் தெரிகிறதா என்று பார்த்த பிறகே சேர்த்தேன்.

வீட்டில் சொன்னபோது அப்பாவுக்குத் தாங்கவில்லை. "ஏம்ல சொன்ன? ஊரெல்லாம் தண்டோராவால போடுத?" என்றார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். "அப்படி என்னதாம்ல இருக்கு அதுல, கொண்டா பாப்போம்," என்றார்.

மொட்டை மாடிக்குப் போனோம். நல்ல வெயில். அப்பா அந்தச் சின்னத் திரையை, ஜன்னல் ஓரத்தில் துணித்துண்டைப் பார்ப்பது மாதிரியே, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது வெறும் கறுப்பு வெள்ளை இல்லல்லா," என்றார். "நாலு ஷேடு இருக்கு."

எனக்குத் தெரியும். வெள்ளைக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் இரண்டு சாம்பல், கடைசியில் கறுப்பு. அவர் ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, "இதுக்கு அடுத்த ஷேடு எதுல?" என்று கேட்டார். நான் காட்டினேன். "நடுவுல இருக்க ரெண்டுல கனமானது எது?" காட்டினேன். அவர் விடவில்லை. எதிர்வீட்டுக் கொடியில் காயும் சாம்பல் நிற பனியன்களைக் காட்டி எது வெளிர், எது கனம் என்று கேட்டார். அதையும் சரியாகச் சொன்னேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாம்பல்ல எங்க லேப் பயலுவளே தடுமாறுவானுவ. உனக்கு அதுல நல்ல கண்ணு இருக்குல," என்றார். லேபை விட்டு நின்ற பிறகு என் கண்ணைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் பார்த்ததையே நானும் பார்த்தேன் என்பதில் எங்கள் இருவருக்கும் ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில் அப்பாவே முந்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பெண் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, "லைட் ரோஸ் தெரியுமா?" தெரியாது என்றேன். பரவாயில்லை என்றாள்.

கணியூர்க் கோட்டின் அளவு முடிந்து கம்பங்கள் நடும் சமயம் நான் கொமரலிங்கம் போயிருந்தேன். கம்பம் நட வந்த குழு பீகாரிலிருந்து வந்தது. மேஸ்திரிக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தி, எங்கள் வரைபடத்தின் ஜெராக்ஸைப் பானெட் மேல் விரித்தார். காப்பிக்குக் காப்பி எடுத்து ஓரமெல்லாம் கறுத்துப்போன தாள். நான் விளக்கிச் சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தண்டவாளக் கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார், விட்டுவிட்டுப் போகும் கோடு பிரியும் இடத்தில் விரலை ஒரு கணம் நிறுத்தி, தலையை ஆட்டி, தண்டவாளத்திலேயே தொடர்ந்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் பதினான்கு குழி எடுத்தார்கள். ஒரு குழிகூட இடம் தவறவில்லை.

நான் சொல்ல வேண்டியது அங்கே ஒன்றும் இருக்கவில்லை. வரப்பில் நின்று கடைசிக் குழி வரை பார்த்துவிட்டு, பஸ் ஏறி ஊருக்கு வந்தேன்.